குரக்களிக்கு நேரம் கிடையாது

வலைக்கு அந்தப் பக்கம் ஜெர்லின் விழுந்ததும் இந்தப் பக்கம் நின்றவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்.

அரை விநாடி இருக்கும். அதற்குள் வெட்கமாகிவிட்டது.

ஜெர்லின் மண்ணில் உட்கார்ந்து வலது கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். சதை கொட்டாங்கச்சி மாதிரி இறுகி நின்றது. குரக்களி.

உதட்டைக் கடித்துக்கொண்டு நடுவரைப் பார்த்தாள்.

நடுவர் பரிமளா டீச்சரைப் பார்த்துப் பிரயோசனமில்லை. விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். சொந்தத் தம்பி கல்யாணத்திலேயே தாலி கட்டும் நேரத்தை வாட்சில் சரிபார்த்தவர் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

அடிபட்டால் மூன்று நிமிடம் உண்டு. ஷூ பிய்ந்தால் சரிசெய்ய நேரம் உண்டு.

குரக்களிக்குக் கிடையாது. இருபத்தைந்து விநாடிக்குள் எழுந்து ஆட வேண்டும்.

போன கேமிலேயே இதே காலுக்காக ஜெர்லினுக்கு ஓர் எச்சரிக்கை விழுந்திருந்தது. இன்னொரு தடவை தாமதித்தால் ஒரு பாயிண்ட் போய்விடும்.

அந்த ஒரு பாயிண்ட்தான் பாக்கி.

மூன்றாவது செட். ஐந்துக்கு நான்கு. நாற்பதுக்கு முப்பது. எல்லாம் வலைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்குச் சாதகம். சும்மா நின்றால் போதும், மாநிலப் பள்ளிகளுக்கான டென்னிஸ் கோப்பை தானாக நடந்து வந்து அவள் கையில் ஏறிக்கொள்ளும்.

கம்பி வேலிக்கு வெளியே அவளுடைய பி.டி. மாஸ்டர் நின்றார். ஆட்டத்தின்போது பேசக்கூடாது. அதனால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார். அசையாதே. ஒன்றும் செய்யாதே.

அவள் அசையவில்லை.

ஜெர்லினிடம் இரண்டு தடவை தோற்றிருக்கிறாள். முந்தின வருடம் திருச்சியில். போன வருடம் சேலத்தில். சேலத்தில் தோற்றுவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். துண்டை விலக்கிப் பார்த்தால் ஜெர்லின். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு வருடம் முழுக்க அவள் பயிற்சி செய்தது ஜெர்லினோடுதான். எதிரே யார் நின்றாலும் ஜெர்லின் நிற்பதாகவே நினைத்து ஆடினாள். கூடப் பிறந்த அக்காவைக்கூட அவள் அவ்வளவு நினைத்ததில்லை.

இரண்டு பேருக்கும் இது பிளஸ் டூ. இனி பள்ளி ஆட்டம் கிடையாது.

ஜெயிக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் ஜெயிக்க வேண்டியது ஜெர்லினை. அவளுடைய கெண்டைக்காலை அல்ல.

பத்து விநாடி போயிருக்கும்.

ஜெர்லின் ராக்கெட்டை ஊன்றி எழுந்தாள். கால் நிற்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நடுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

இந்தப் பக்கம் நின்றவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

குனிந்தாள். ஷூ லேஸ் ஏற்கெனவே நைந்துதான் இருந்தது. விரலில் சுற்றி வெடுக்கென்று ஓர் இழு இழுத்தாள். அறுந்து கையோடு வந்தது.

"லேஸ் அறுந்துருச்சு மிஸ்."

உயரமான நாற்காலியிலிருந்து நடுவர் குனிந்து பார்த்தார். வாட்சை நிறுத்தினார். வேலிக்கு வெளியே மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தானா அறுந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இரண்டாவது செட்டில் ராக்கெட்டைத் தரையில் அடித்ததற்கு அவள் பேரிலும் ஓர் எச்சரிக்கை இருந்தது. உண்மையைச் சொன்னால் பாயிண்ட் போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல மிஸ். நாந்தான் இழுத்தேன்."

நடுவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேண்டுமென்றே தாமதம், ஒரு பாயிண்ட் தண்டனை என்று உரக்க அறிவித்தார். நாற்பதுக்கு நாற்பது. கைக்கெட்டிய கோப்பை நகர்ந்து வலைக்கு நேராகப் போய் நின்றுகொண்டது.

குனிந்து அறுந்த லேஸை முடிச்சுப் போட்டாள்.

"இத எழுதணும். கிட்ட வா."

நாற்காலிக்குக் கீழே போய் நின்றாள். நடுவர் ஸ்கோர் அட்டையை முழங்கால்மேல் அவள் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டார். பேனாவைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"பேரு என்னம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மணி நேரமாக ஒவ்வொரு கேம் முடிவிலும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தான்.

"சங்கமித்ரா மிஸ்."

எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக. புள்ளி வைத்த இடத்தில் இன்னொரு தடவை புள்ளி வைத்தார்.

"இனிஷியல்?"

"வி."

"அப்பா பேரா, அம்மா பேரா?"

"அம்மா பேரு மிஸ். விசாலாட்சி."

"பள்ளிக்கூடம்?"

அட்டையின் மேல்வரியிலேயே பள்ளியின் பெயர் இருந்தது. கீழே நின்றவளுக்கே அது நன்றாகத் தெரிந்தது.

அவள் திரும்பி, கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்த ஜெர்லினைப் பார்த்தாள். நடுவரைப் பார்த்தாள். நடுவர் அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. பள்ளியின் முழுப்பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். திண்டுக்கல் என்றாள். பின்கோடையும் ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் ஜெர்லின் எழுந்து பந்தைத் தரையில் தட்டும் சத்தம் கேட்கிற வரைக்கும் சொன்னாள்.