எதிர்வீட்டுக் கண்

“ஆயுத பூஜை அன்னைக்கு ‘கார் பளபளன்னு இருக்கே’ன்னான். மறுநாளே பிரேக் கரகரன்னு அரைக்குது. எல்லாம் எதிர்வீட்டு ஞானசேகரன் கண்ணு!” ஆஸ்டின் டவுன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் உத்தமன்.

“மெதுவாப் பேசுங்க. இந்த ஜாக்கியக் குடுத்ததே அவருதான்” என்றாள் மனைவி வனஜா.

“குடுப்பான், குடுப்பான். வயித்தெரிச்சல் பிடிச்சவன்!”

ஆத்திரத்தோடு முன்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் ஏதோ சிக்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். ஒரு பக்கம் தேய்ந்து, மறுபக்கம் குங்குமம் அப்பிய ஒரு ரூபாய்க் காசு கீழே விழுந்தது.

இப்போது வனஜாவுக்குக் கோபம் வந்தது.

“அவரு கண்ணு படக் கூடாதுன்னு கார் முன்னாடி நீங்க போட்டு உடைச்ச பூசணிக்காய்க்குள்ள வெச்ச காசுங்க இது!”