எரியற விளக்கை எதுக்குக் கழட்டணும்?

"நல்லா எரியற விளக்கை எதுக்கு சார் கழட்டறீங்க?"

ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்மணி. தெருவிளக்குப் பிரிவு இன்ஜினியருக்குத் தலை வலித்தது. புது எல்.இ.டி. விளக்குகள் பெட்டியோடு வெயிலில் கிடந்தன. ஒன்றுகூடக் கம்பத்தில் ஏறவில்லை.

"இது இண்டக்‌ஷன் விளக்கும்மா. இதோட காலம் முடிஞ்சுபோச்சு. செய்யற கம்பெனியையே மூடிட்டாங்க. கெட்டுப்போனா மாத்த சாமான் கிடைக்காது."

"கெட்டாத்தானே? இதைப் போட்டதுலேர்ந்து ஒருத்தரும் ஏணி வச்சு ஏறினதில்லை. பக்கத்துத் தெருவுல நீங்க போட்ட புதுசு, மழைக்கு மழை அணைஞ்சுபோகுது."

"அணைஞ்சா ஏறி மாத்திட்டுப் போறோம். புதுசுக்குக் கரண்ட் கம்மி, வெளிச்சமும் ரோட்டுல நேரா விழும். பழசுல பாதரசம் வேற இருக்கு. போதுமா? நகருங்க."

அவள் நகரவில்லை.

"கவுன்சிலர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"போனேன். உங்ககிட்ட போகச் சொன்னார்."

இன்ஜினியர் பல்லைக் கடித்தார். "சரி, உங்க வாசல் விளக்கைக் கடைசியா மாத்தறோம்."

"எந்தத் தெருவுலயும் மாத்தாதீங்க."

"நீங்க என்ன மேயரா?"

"ஒரு ஆறு மாசம் பொறுங்க சார். அது போதும்."

"ஆறு மாசத்துல மூடின கம்பெனியைத் திறந்துடுவாங்களா?" இன்ஜினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆளை மேலே தூக்கற வண்டி வேற ரிப்பேர். இந்த ஏணியை வச்சுத்தான் ஊர் பூரா முடிச்சாகணும். உயிரை வாங்காதீங்கம்மா."

தலைக்கவசமும் பெல்ட்டுமாகப் பக்கத்தில் நின்ற ஊழியர் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணியை விடும்மா. எனக்கு வேலை இருக்கு," என்றார் மெதுவாக.

"கேட்டீங்களா? இவங்களுக்கு இருக்கற பொறுப்பு உங்களுக்கு இல்லையே," என்ற இன்ஜினியர் ஊழியரிடம் திரும்பினார். "ஏறுங்க. நான் பாத்துக்கறேன்."

ஊழியர் முதல் படியில் கால் வைத்ததும் அவள் ஏணியை விட்டுவிட்டு அந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விளக்கு எக்கேடோ கெட்டுப் போகட்டும் சார். இவ என் பொண்ணு, மாசமா இருக்கா. சொன்னா தற்காலிக வேலை போயிடும்னு வாயைத் திறக்காம ஏறப் பாக்கறா."