இனிக்கிற மருந்து

சிற்றம்பலம் வாத்தியார் சைவத்தைப் பள்ளிக்கூடத்தைவிடக் கடைத்தெருவில்தான் அதிகம் படிப்பித்தார். அன்று உரும்பிராய் மருந்துக்கடையில் போட்ட கதிரையில் இருக்க மாட்டேன் என்றார்.

“மாட்டிறைச்சி தின்னுற வேதக்காரர் இருந்த கதிரை. நான் நிண்டே வாங்கிறன்.”

கிறிஸ்தவரான கடைக்காரர் ஜெபநேசன் கிளிசரின் போத்தலை எடுத்து வைத்தார். வாத்தியார் அதைச் சால்வையால் துடைத்துத்தான் தொட்டார்.

“பின்னேரம் கோயிலிலை புராணம் படிக்கவேணும். வெடிச்ச உதட்டோடை படிக்கேலாது. போன மாசமும் இதைத்தான் பூசினனான். நல்ல குணம். நாக்கிலை பட்டால் இனிக்கும்.”

அங்கேயே உதட்டில் பூசி, நக்கியும் பார்த்தார். பிறகு ஜெபநேசனின் முகத்தைப் பார்த்து இளித்தார்.

“உம்மடை உதடும் வெடிச்சுத்தானே கிடக்கு. கடை நிறைய மருந்து வைச்சுக்கொண்டு ஏன் பூசேல்லை? நல்ல சாமான் உங்கடை ஆக்களின்ரை வாய்க்கு ஒத்துவராதாக்கும்.”

“ஓம் வாத்தியார், என்ரை வாய்க்கு ஒத்துவராது,” என்றார் ஜெபநேசன். “இது சீமையிலை மாட்டுக் கொழுப்பைக் காய்ச்சி எடுக்கிறது. நான் சின்னனிலையிருந்து சைவம்.”