அழிச்சாச்சு சார்

“வலிக்காது டாக்டர். ஒரு நிமிஷ வேலைதான்” என்றார் வக்கீல்.

தினமும் இதையே சொல்லி ஊரார் பல்லைப் பிடுங்குகிற பல் டாக்டருக்கு, சொந்த வீட்டுக் கூடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பிடுங்கப்போவது பல்லை அல்ல. பழைய வீடியோ கேம் கன்சோலுக்காக அவர் காசு கொடுத்து வாங்கிய நாற்பத்திரண்டு விளையாட்டுகளையும், அவற்றைத் திறக்கும் லைசென்ஸ் ஃபைல்களையும்.

அந்த ஃபைல் போனால் விளையாட்டு திறக்காது. அவற்றை விற்ற கம்பெனி தன் ஆன்லைன் கடையையே மூடிவிட்டதால் மறுபடி வாங்கவும் வழியில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம், இணையத்தில் பெருமையடித்துக்கொண்டார். கம்பெனி தன் வக்கீலை அனுப்பிவிட்டது.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் நோட்டீஸை வக்கீல் நீட்டினார். பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டிய டாக்டரின் மனைவி அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நகல் எடுத்த பிறகுதான் கணவர் கையில் கொடுத்தாள்.

“காசு குடுத்து வாங்கினது சார்” என்றார் டாக்டர்.

“நீங்க வாங்கினது வெறும் அனுமதி. உபயோகிக்க மட்டும்தான். சொந்தம் எங்களுக்கு.”

“இந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஒருநாள் அழுவீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்” என்று மனைவி தன் பங்குக்கு ஒரு குத்து விட்டாள்.

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அழிக்கும் பட்டனை அழுத்தினார். முதலில் ஹார்ட் டிஸ்க், அப்புறம் கன்சோல், இரண்டும் காலி.

வக்கீல் ஜம்மென்று சாய்ந்து உட்கார்ந்து தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். “அழிச்சாச்சு சார். ஒண்ணுகூட விடல... என்னது? அடுத்த மாசம் இதையெல்லாம் மறுபடி வெளியிடப் போறோமா? நம்மகிட்ட ஒரு காப்பிகூட இல்லையா? இதை இப்பவா சார் பார்த்தீங்க?”

போனை வைத்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“டாக்டர், வேற எங்கயாவது ஒரு காப்பி... இல்லன்னா என் வேலை போயிடும்.”

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அவருக்கே அழுகை நிற்கவில்லை.

மனைவி எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பென் டிரைவ்களை எடுத்து, ஒன்றை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டினாள். டாக்டர் வாயைப் பிளந்தார். வக்கீல் பாய்ந்துவந்து கையை நீட்டினார். மற்றதை அவள் அந்தக் கையில் வைத்தாள்.

“உபயோகிக்க மட்டும்தான் சார். சொந்தம் எங்களுக்கு.”