திருப்பிப் போட்ட ஸ்பிரிங்

சைக்கிள் சக்கரத்தைச் சட்டெனக் கழற்ற உதவும் லீவரை நீட்டினார் சூப்பர்வைசர் மோகன்ராஜ்.

"ஹெலன், ஸ்பிரிங்கோட சின்ன வாய் சக்கரத்தப் பாத்து இருக்கணும். தெனமும் உன் கடைசி பீஸுல மட்டும் இன்னாத்துக்கும்மா திருப்பிப் போட்டு வைக்கிற?"

"கவனிக்கல சார்."

"அடுத்த ஷிஃப்ட்ல செக் பண்றவன்தான் கழட்டி சரியா மாட்டிக்கினு கீறான். அவன் மேலிடத்துல சொன்னா உன் வேல போயிடும்."

"சொல்ல மாட்டாரு சார்."

கம்பெனி பஸ் கும்மிடிப்பூண்டியைத் தாண்டும்போது, அடுத்த ஷிஃப்ட் பஸ் எதிரே கடந்து போனது. ஜன்னலில் தேடினாள். முகம் தெரியவில்லை.

பொன்னேரியில் வீட்டுப் பூட்டைத் திறந்து, நேராகச் சமையல் மேடைக்குப் போனாள்.

செக்கிங் வேலைக்குக் கிளம்புமுன் கணவன் எபினேசர் கழுவிக் கவிழ்த்திருந்த தம்ளர்களில், ஒன்று மட்டும் நிமிர்ந்திருந்தது.

நேற்றைய ஸ்பிரிங்குக்குப் பதில்.