இறக்கை பட்ட இடம்

"நான் முகேஷ்குமாரோட அம்மாங்க. ஒட்டன்சத்திரத்துல இருந்து வாறேன். புள்ள ஊட்ல இருக்குதுங்களா?"

வாசலில் நின்ற அம்மாள் இப்படிக் கேட்டதும் ஜெய்தூன் பீவி உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஒரு வாரமாக அவள் பயந்துகொண்டிருந்த ஆள்தான். ஆனால் பேகம்பூர் சந்துக்குள் வீடு தேடி வந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை.

ஜெய்தூன் பீவியின் மகள் ஹாஃபிஸா வெளியூரில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். போன வாரம் சின்ன விமானம் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டு, தரையில் மெல்ல உருட்டியபடி ஓடுபாதைப் பக்கம் போயிருக்கிறாள். முன்னால் முறைக்காகக் காத்து நின்ற இன்னொரு விமானத்தின் வாலில் அவளுடைய இறக்கை மோதிவிட்டது. அதற்குள் உட்கார்ந்திருந்தவன்தான் முகேஷ்குமார். கூடப் படிக்கிற பையன்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விமானங்களுக்குத்தான் சேதம். விசாரணை முடிகிறவரை வீட்டில் இருங்கள் என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

வந்த நாளிலிருந்து ஹாஃபிஸா போனை அணைத்துப் போட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. இனிமேல் படிக்கப் போகவில்லை, அத்தாவுக்குத் துணையாக அவர் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள்.

தெருவிலும் பேச்சு அடங்கவில்லை. தரையிலேயே ஓட்டத் தெரியவில்லை, வானத்தில் என்ன செய்யும் என்று ஒருத்தி ஜன்னலுக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டுப் போனாள்.

முந்தாநாள் தலை வாரிவிடும்போது, அம்மாவிடம் மட்டும் ஹாஃபிஸா வாய் திறந்தாள்.

"நான்தாம்மா முன்னாடி பார்க்கல. குனிஞ்சு ரேடியோவத் திருகிக்கிட்டு இருந்தேன்."

அதை ஜெய்தூன் பீவி கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பையனின் அம்மா. பெயர் சண்முகவள்ளியாம். பஸ் பிடித்து வந்திருக்கிறாள். திட்டுவதென்றால் என்னோடு போகட்டும் என்று மகளின் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஜெய்தூன் பீவி நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

சண்முகவள்ளி கொண்டுவந்த பையைக் கீழே வைத்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க. தப்பு எம் பையன் மேலதானுங்க. ஒழுங்கா நேரா நிறுத்தாம, வால வழியில நீட்டிக்கிட்டு நின்னுருக்கறான். விசாரணையில அவனே ஒத்துக்குவானுங்க. புள்ளய வருத்தப்பட வேண்டாம்னு சொல்லுங்க."



டீ போட்டு வருகிறேன் என்று ஜெய்தூன் பீவி அடுப்படிக்குள் போய் நின்றாள். பேசாமல் இருந்தால் போதும். மகள் தப்பித்துவிடுவாள். தெரு வாயும் மூடிக்கொள்ளும். நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் இந்த வீட்டுக்குள் இரண்டே பேர்தான்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஒட்டன்சத்திரத்திலும் ஒரு பிள்ளை இதே மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு கிடக்குமோ என்று தோன்றியது. அதற்கும் ஒரு தாய் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைவாளோ.

டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"அக்கா, உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல. எம் மகதான் முன்னாடி பார்க்காம வந்துருச்சு. அதுவே எங்கிட்டச் சொல்லுச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அறைக் கதவு திறந்தது.

"ஆமா ஆன்ட்டி. நான்தான் பார்க்கல. முகேஷ் நேராத்தான் நின்னுருந்தான். நானே போறேன். விசாரணையில நானே சொல்றேன்."

ஒரு வாரத்தில் 'போறேன்' என்ற சொல் அப்போதுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

சண்முகவள்ளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து நெற்றியையும் தோளையும் தடவிப் பார்த்தாள்.

"அடி கிடி ஏதும் படலீல்ல கண்ணு?"

இத்தனை நாளில் யாரும் அவளை இப்படித் தொட்டுக் கேட்டிருக்கவில்லை. ஹாஃபிஸா அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

பிறகு சண்முகவள்ளி பையைத் திறந்து, தோட்டத்து முருங்கைக்காய்களை எடுத்து ஜெய்தூன் பீவியிடம் கொடுத்தாள். இந்தப் புள்ள கூட உட்கார்ந்தால்தான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டாள். முருங்கைக்காய்க் குழம்பு கொதித்து இறங்கியதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஹாஃபிஸா இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டியபோது, ஜெய்தூன் பீவி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெய்தூன் பீவி சந்து முனைவரை வழியனுப்பப் போனாள்.

"தம்பிகிட்ட மறக்காமச் சொல்லிருங்கக்கா. பாவம், தன் மேலதான் தப்புன்னு நெனச்சு மருகிக்கிட்டுக் கெடக்கும்."

சண்முகவள்ளி நின்று சிரித்தாள்.

"அவனுக்கென்னங்க. வந்த அன்னிக்கே நடந்தத நடந்தபடி எங்கிட்டச் சொல்லிட்டானுங்க."

"பின்ன ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"புள்ள போன எடுக்கலீன்னு உங்க ஊட்டுக்காரருக்குப் போன் போட்டானாமுங்க. 'அது சோறு திங்காமக் கெடக்குதாம்மா. தப்பு எம்மேலதான்னு சொல்லிப் பாரு, ரெண்டு வாய் திங்கும்'னு அவன்தானுங்க என்னையப் பஸ் ஏத்தி உட்டான்."