ஸ்டெப் மறந்த அக்கா

"ஜிங்காலே ஹிங்காலே! ஜிங்காலே ஹிங்காலே!"

அன்பரசி மைக்கில் கத்தி முடிப்பதற்குள் நவீன்குமார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "சேரலம்மா. ஸ்க்ரீன்ல அவ வாய் மூடுறப்ப உன் வாய் தொறக்குது. ஜனங்க காத்துக்கினு கீற சீனே இதான்."

படம் நாற்பது வருஷப் பழசு. இதே ஜவ்வாது மலையில், ஓர் அருவிக்கரையில் எடுத்தது. வந்தபோது ஒரு வாரம்கூட ஓடாத அதை இப்போது ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்து, விசிலடித்து, கூடவே வசனம் சொல்லிப் பார்க்கிறார்கள். தேய்ந்துபோன பழைய ஒலியை அணைத்துவிட்டு, திரைக்குக் கீழே உட்கார்ந்து பாட்டு, பேச்சு, சத்தம் எல்லாவற்றையும் நேரிலேயே கொடுப்பது நவீன்குமாரின் குழு.

இன்று ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு கேம்ப் மைதானத்தில் ஷோ. எடுத்த மலையிலேயே பார்க்க வேண்டுமாம், ரசிகர்கள் சென்னையிலிருந்து பஸ் பேசி வந்திருந்தார்கள். பாதிப் பேரின் டி-ஷர்ட்டில் ஒரே பெண்ணின் படம்.

வேட்டைக்கார ஹீரோவைச் சுற்றி மலைவாசிகள் ஆடும் காட்சியில், ஓரமாக நின்று மார்பில் அறைந்துகொண்டு ஆடுகிறவள் அவள். எல்லோரும் கேமராவைப் பார்த்து வலப்பக்கம் போனால் இவள் அருவியைப் பார்த்து இடப்பக்கம் போவாள். ஸ்டெப் மறந்த அக்கா என்று ரசிகர்கள் பேர் வைத்திருந்தார்கள்.

அன்பரசி இந்த மலைக்காரி. அதனால்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் முதல் டிகிரி அவள்தான், வேலைதான் இல்லை. இந்த ஒரு காட்சியில் உதடு சேர்ந்துவிட்டால் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக நவீன்குமார் சொல்லியிருந்தான். சேராவிட்டால் திரும்பப் போய்க் கூலிக்குப் புளி உடைக்க வேண்டும். டிகிரிக்காரி உடைக்கிற புளி என்று ஊரே சிரிக்கும்.

"ஒங்க மலை பாஷையில எதுனா அட்ச்சி வுடேன். ஒரிஜினலா இருக்கும்" என்றான்.

"எங்க பாஷை இன்னா பாஷைன்னு நெனச்சிக்கினு கீறீங்க? தமிழ்தாண்ணா. அப்பவும் தமிழ்தான்."

"அப்போ இந்த ஜிங்காலே?"

"அது மெட்ராஸ்ல டப்பிங்ல போட்டது. ஷூட்டிங்ல சத்தமே புடிக்கல. எங்க ஆளுங்கள கூலிக்கு இட்டாந்து நிக்கவெச்சி, வாய மட்டும் ஆட்டுங்கன்னு வுட்டுட்டாங்க. கேட்டா, பெரிய படமாம்."

"கோவப்படாத தாயே. உதட்டப் பாத்து எத வேணா பேசு. சேந்தா போதும்."

அருவிச் சத்தத்துக்காக பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த அருணா சிரித்தாள். "நல்லவேள, தண்ணிக்கு உதடு இல்ல."

அன்பரசி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். சத்தமில்லாமல் ஓட்டினாள். அக்காவின் உதடுகள் இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தன. இன்னொரு தடவை ஒட்டிக் குவிந்தன. மறுபடி முதலிலிருந்து அதேதான்.

குரல் விடாமல் தன் உதட்டையும் அதேபோல வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை பொருந்தவில்லை. இன்னொன்று பாதி பொருந்தியது. அதற்கடுத்ததில் நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாரி கீற?" என்றாள் அருணா.

"ஒண்ணுமில்லக்கா. சேந்துடுச்சு."

நவீன்குமார் துள்ளிக்கொண்டு வந்தான். "எங்க, பேசிக் காட்டு."

"ஷோல பேசுறேன். இப்ப பேசினா அப்புறம் வராதுண்ணா." அவள் குரலில் சந்தோஷம் இல்லை. கோபமும் போயிருந்தது.

பொழுது சாய்ந்து ஆட்கள் உட்கார ஆரம்பித்தபோது, ரம்யா என்று பேர் சொல்லிக்கொண்டு ஒரு ரசிகை வந்தாள். "நீங்க லோக்கலாமே! அக்கா ஸ்டெப் கத்துக் குடுங்களேன், ரீல்ஸ் போடணும்." அவளே மார்பில் அறைந்து ஆடிக் காட்டினாள். டி-ஷர்ட்டிலிருந்த முகமும் கூடவே குலுங்கியது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அன்பரசி.

காட்சி வந்தது. "அக்கா! அக்கா!" என்று மைதானமே எழுந்து நின்று மார்பில் அறைந்துகொண்டு இடப்பக்கம் குதித்தது. ஒருத்தன் நாற்காலிமேல் ஏறிக் குதித்தான்.

நவீன்குமார் கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டான். அருணா சொம்பு சொம்பாக டப்பில் தண்ணீரை ஊற்றினாள். அவன் அன்பரசியைப் பார்த்துத் தலையாட்டினான்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். கத்தவில்லை. திரையில் உதடு ஒட்டிய இடத்தில் அவள் உதடும் ஒட்டியது, பிரிந்த இடத்தில் பிரிந்தது. இம்மியும் பிசகவில்லை.

"பாப்பா முழுகுதுங்க. பாப்பா முழுகுதுங்க."